மெழுகு வரவு, பாலிஷ் செலவு

தில்லி காஷ்மீரி கேட்டில் கார் சாமான் விற்கும் கடை ஏதாவது ஒன்றில் நின்று, 'காடி சமக்னி சாஹியே' என்று நம்ம ஊர் ஹிந்தியில் கேட்டுப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் ஆறேழு டப்பாக்களை மேசையில் அடுக்கிவிடுவார்கள். வாக்ஸ், பாலிஷ், கிளீனர் வாக்ஸ், ரப்பிங் கம்பவுண்ட், ஸ்க்ராட்ச் ரிமூவர்... எது நல்லது என்று கேட்டால், எல்லாம் ஒன்றுதான், விலைதான் வேறு என்று பதில் வரும்.

ஒன்றே இல்லை சாமி. வாக்ஸ் உங்கள் கார் மேல் ஏதோ ஒன்றைப் போடுகிறது. பாலிஷ் உங்கள் காரிலிருந்து ஏதோ ஒன்றை எடுக்கிறது. பாஸ்புக் பாஷையில் சொன்னால் ஒன்று வரவு, இன்னொன்று செலவு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். இன்றைய கார்களின் பெயிண்ட் பல அடுக்கு. தகரத்துக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு (முடி மிச்சம் இருப்பவர்கள் பிடுங்கிப் பார்த்துக்கொள்ளலாம்!). வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து இந்த அடுக்கில்தான் இருக்கிறது. பளபளப்பும் இதனால்தான்.

பாலிஷில் இருப்பது மிக நுண்ணிய உரசும் பொடி. பெயிண்டில் விழுந்த கோட்டை அது நிரப்புவதில்லை. கோட்டைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து, கோட்டின் ஆழத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறை மெஷின் வைத்துத் தேய்க்கும்போதும் ஒன்றிரண்டு மைக்ரானாவது போகும். கம்பவுண்ட் என்றால் இன்னும் அதிகம். போனது போனதுதான், திரும்பி வராது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் 'ரப்பிங் பாலிஷிங்' என்று பில்லில் ஒரு வரி சேர்க்கிறார்களே, அது வட்டி இல்லை, முதலையே உருவுகிற வேலை. ஏழெட்டு வருடத்தில் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிவது போல் ஆன கார்களைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் தீர்ந்துபோன கார்கள் அவை. அப்புறம் எந்த டப்பாவும் உதவாது, ரீபெயிண்ட்தான்.

வாக்ஸ் கதை வேறு. கர்நௌபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. மிட்டாய் பளபளக்கவும் இதைத்தான் பூசுகிறார்கள். சுத்த கர்நௌபா கல் மாதிரி இருக்கும், தேய்க்கவே முடியாது. அதனால் டப்பாவில் கரைப்பானும் எண்ணெயும் சேர்த்துத்தான் வரும். பார்க்க அழகு, கறுப்பு, சிவப்பு கார்களில் தனி ஆழம் தெரியும். ஆனால் வடநாட்டு மே மாத வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. செயற்கை பாலிமரில் செய்த சீலண்ட் நாலைந்து மாதம் நிற்கும். பூசுவதும் சுலபம்.

என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கவே யோசிப்பவர்களுக்கு சீலண்ட் போதும். மார்ச் கடைசியில் ஒரு தடவை, மழை முடிந்து அக்டோபரில் ஒரு தடவை. நிழலில், கை வைத்தால் சுடாத பெயிண்டில், மெல்லிசாக. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, படர்ந்தால் தீர்ந்துவிட்டது. புது தில்லி சாலையோர நாவல் மரங்களுக்குக் கீழே வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஜூன், ஜூலையில் பழம் தின்ற பறவை போடும் எச்சத்தை வாக்ஸ் தடுத்துவிடாது. நீங்கள் பார்த்துக் கழுவுவதற்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

வாங்கும்போது டப்பாவின் பெயரை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். கோடு நீக்கும், மங்கலை எடுக்கும் என்று எழுதியிருந்தால் உள்ளே உரசும் பொடி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வாக்ஸ் என்று போட்டிருந்தாலும் சரி. கிளீனர் வாக்ஸும் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

அப்புறம் ஷோரூம் சமாசாரம். முன்பு டெஃப்ளான் கோட்டிங் என்றார்கள். டெஃப்ளான் உருகவே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் சூளையில் வைத்து ஒட்டுகிறார்கள், காரை அப்படிச் சுட முடியுமா? இப்போது செராமிக் கோட்டிங். இது ஏமாற்று இல்லை, நன்றாகச் செய்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் '9எச் கடினம், கோடே விழாது' என்கிறார்களே, அந்த 9எச் பென்சில் அளவுகோல். பென்சிலால் கீறினால் விழாது என்று அர்த்தம். ராஜஸ்தான் பக்கமிருந்து ஆந்தி அள்ளி வரும் மணலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

மணல் என்றதும்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெயிலில் பார்த்தால் பெயிண்டில் சிலந்தி வலை மாதிரி தெரியும் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் தினமும் துடைப்பதிலிருந்து. வட இந்திய அடுக்ககங்களில் விடியற்காலையில் ஒருவர் வருவார். ஒரு பக்கெட், ஒரு துணி, இருபது கார். முதல் காரின் புழுதி இருபதாவது காரின் மேல் உப்புத்தாளாகத் தேயும். சிலர் மினுமினுக்கட்டும் என்று தண்ணீரில் கொஞ்சம் டீசலும் விடுவார்கள். அது நீங்கள் பூசிய மெழுகையும் கரைத்துக்கொண்டு போகும்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். மாதம் சில நூறு ரூபாயைக் கொடுத்து, தினமும் கார் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்பது நாம்தான். வாரம் இரண்டு நாள், கார் ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும், மற்ற நாள் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் தனி பக்கெட்டும் கொடுங்கள். சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். அவருக்கும் குளிர்காலத்தில் ஐந்து நாள் கை விறைக்காது. கோடு விழாத காருக்கு பாலிஷ் எதற்கு? மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் மட்டும் போதும்.

'விற்கும்போது பாலிஷ் போட்டால் நல்ல விலை வருமே' என்பீர்கள். வரும். அதனால்தான் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். கோட்டுக்குள் எண்ணெய் நிரப்பி மறைக்கும் கிளேஸ் என்று ஒரு சரக்கு உண்டு. நாலு முறை கழுவினால் எல்லா கோடும் திரும்பி வந்துவிடும். கண்ணாடி மாதிரி மின்னும் எட்டு வருடக் காரைப் பார்த்தால் மயங்காமல், நல்ல வெயிலில் சாய்வாகப் பாருங்கள். முடிந்தால் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் ஆளை அழைத்துப் போங்கள்.

டிஸ்கி: நான் எந்த வாக்ஸ் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை. முதலில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது, அவ்வளவுதான் :-)