குடும்ப மருத்துவரின் பேனா

ஹெராயினால் இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்த பிரான்ஸ், 1990களின் நடுவில் துணிந்து ஒரு காரியம் செய்தது. போதைத் தவிப்பை அடக்கும் பூப்ரெனார்ஃபின் மாத்திரையைச் சாதாரணக் குடும்ப மருத்துவரே எழுதித் தரலாம் என்றது. தனிப் பயிற்சி, தனி உரிமம் எதுவும் கேட்கவில்லை. 1995க்குப் பின் நான்கே ஆண்டுகளில், அளவுமீறிய ஹெராயினால் நேரும் சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அதே பயனுள்ள இன்னொரு மருந்தான மெதடோனும் கைகொடுத்தது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. அதற்காகத் திட்டத்தை யாரும் மூட்டை கட்டவில்லை.

அமெரிக்காவோ அதே மருந்துக்குத் தனி அனுமதி வாங்கச் சொன்னது. தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்கு 30 நோயாளிகள்தான். அடிமைப்படுத்தக்கூடிய ஆக்ஸிகோடோனை வலிக்கு எழுத இப்படியொரு வரம்பே கிடையாது!

2022 டிசம்பரில்தான் அந்த அனுமதி முறை சட்டப்படி ஒழிந்தது. 2021இல் மட்டும் அங்கே ஹெராயின், ஆக்ஸிகோடோன் உள்ளிட்ட ஓபியாய்டுகளுக்குப் பலியானவர்கள் 80,000க்கு மேல்.