முள்ளில்லாக் கள்ளி: வரப்புக்கு ஆகும், வயலுக்கு ஆகாது

அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடி வட்டாரத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. கோடை முற்றும்போது படப்பில் சோளத்தட்டை தீர்ந்துவிடும். தீவனமின்றி ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது சிறு விவசாயிக்குப் பெரும் நட்டம். இந்த நட்டத்தைக் குறைக்க முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி உதவும்.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலும் துனீசியாவிலும் கால்நடைத் தீவனமாகப் பயன்படுகிறது. பெரும்பாலும் இரவில்தான் துளைகளைத் திறந்து மூச்சு விடுவதால் நீர் வீணாவதில்லை. ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம் இதனை ஆய்ந்துள்ளது.

ஆயினும் இதற்கென வயலை ஒதுக்குதல் கூடாது. மடலை விற்க நம் பகுதியில் நிலையான சந்தை இல்லை. வரப்பிலும் சரளை மேட்டிலும் ஐம்பது மடல் நட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

முற்றிய மடலைக் கணுவில் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். ஆவணியில் நட்டால் அடைமழைக்கு முன் வேர் பிடிக்கும். மடலின் அடிப்பாகம் மண்ணுள் இருக்குமாறு நடவேண்டும். கரிசலில் நீர் தேங்கினால் அழுகிவிடும், மேட்டுப்பாத்தி அவசியம். முதலாண்டில் ஆடு கடிக்காமல் காக்க வேண்டும். பின்னர், தாய்மடலை விட்டு மேல்மடல்களை அறுக்கலாம்.

மடலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நீரே, புரதம் குறைவு. தனியே கொடுத்தால் கழிச்சல் காணும். நறுக்கிச் சோளத்தட்டை, கடலைக்கொடியுடன் கலந்து, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். வேலிமசால் சேர்த்தால் புரதக் குறை நீங்கும்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. தென்னிந்தியாவில் காடாக மண்டிய முள் சப்பாத்திக்கள்ளியை, 1926-இல் கொண்டுவரப்பட்ட கொச்சினீல் பூச்சியே அழித்தது. அதே பூச்சி முள்ளில்லாக் கள்ளியையும் தாக்கும். வெண்பஞ்சு போல் தென்பட்டால் அம்மடலை வெட்டிப் புதைத்துவிட வேண்டும். அறுத்த துண்டுகளை ஓடையிலோ கண்மாயிலோ எறிதல் ஆகாது. விழுந்த இடத்தில் வேரூன்றும். விறகுக்கென வந்த சீமைக்கருவேல் கண்மாய்களை என்ன செய்தது என்பதை விருதுநகர் மாவட்டத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை.

பொன் விளைவிக்கும் பயிரன்று இது. கோடையில் நான்கு ஆடுகளை விற்காமல் காப்பாற்றினால், அதுவே இதன் மகசூல்.