உழைப்பது இங்கே, ஓட்டு எங்கே?

பனியன் நகரத்துத் தொழிலாளத் தோழர்களை நாம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பத்து நாளாகக் குடிநீர் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? வார்டு கவுன்சிலரிடம் சொல்வோம் என்பீர்கள். நல்லது. அந்தக் கவுன்சிலரின் கையில் ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கிறதே, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியவர்களுக்கு நமது வாழ்த்து. சொல்ல முடியாத தோழர்கள் ஒருவர் இருவரல்லர். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர், கைமடிக்கு நிற்பவர், செக்கிங் மேஜையில் கண்ணைக் கொடுப்பவர், சாயப்பட்டறையில் கையைக் கொடுப்பவர். இவர்கள் உழைப்பது இங்கே. வாடகை கட்டுவது இங்கே. பிள்ளை படிக்கும் பள்ளியும் இங்கே. ஓட்டு மட்டும் எங்கோ ஒரு கிராமத்தில்!

“ஒரு ஓட்டுத்தானே, போனால் போகிறது” என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் உண்டு. போனால் போகட்டும் என்று விடக்கூடிய பொருளா அது? அது நம் கைக்கு வந்த கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

சீமான்களின் சபை

1920-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. மாகாணத்து மக்கள் தொகை நாலு கோடிக்கும் மேல். ஓட்டுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர்! நிலவரி கட்டியவனுக்கு ஓட்டு. வருமானவரி கட்டியவனுக்கு ஓட்டு. அந்த நிலத்தை உழுதவனுக்கும், அந்த வருமானத்தை உண்டாக்கிக் கொடுத்தவனுக்கும் ஓட்டு இல்லை. 1937 தேர்தலில் வாசல் கொஞ்சம் அகலத் திறந்தது. அப்போதும் நூறு பேரில் சுமார் 16 பேருக்குத்தான் உள்ளே இடம். சொத்தோ, வரிச்சீட்டோ, படிப்போ இல்லாத பாட்டாளி வெளியிலேயே நின்றான்.

இந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடையில்தான், 1932 ஜனவரியில், இதே திருப்பூர் வீதியில் தடியடிபட்டு விழுந்தார் குமரன். கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை. ஜனவரி 11-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. சென்னிமலை நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அவர். சட்டசபையின் வாசற்படியைக்கூட மிதிக்க வழியில்லாத எளிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் அன்று வீதியில் இரத்தம் சிந்தினார்கள்.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்றது. ஆலை முதலாளிக்கும் ஒரு ஓட்டு. ஆலையில் பஞ்சு சுமக்கிறவனுக்கும் ஒரு ஓட்டு. “எழுத்தறியாத கூட்டத்துக்கு ஓட்டா? எப்படிப் போடுவான்?” என்று ஏளனம் செய்தார்கள் பெரிய மனிதர்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் ஒரு சின்னம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஏர் பிடித்த கையும் தறி பிடித்த கையும் பிசகாமல் தம் பெட்டியைத் தேடிப் போட்டன.

அந்த முதல் பட்டியலில் நடந்த ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். வடமாநிலங்களில் தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே பதிவு செய்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. சொந்தப் பெயர் பட்டியலில் ஏறாதவர் குடிமக்கள் கணக்கிலும் ஏறவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறோம்.

கொல்லைப்புற வழி

1952 ஜனவரியில் சென்னை ராஜ்யம் ஓட்டுப் போட்டது. மொத்தம் 375 இடங்கள். ஆண்டுகொண்டிருந்த காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றார். மந்திரி பக்தவத்சலம் தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். பி. இராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்றார். சுதந்திரம் வாங்கிக் கொடுத்த கட்சி என்ற பெரும் பெயருக்கு எதிரிலேயே, அரிசிக்கும் துணிக்கும் அலைந்த மக்கள் அச்சமில்லாமல் தீர்ப்பு எழுதினார்கள்.

தீர்ப்பு எழுதியாயிற்று. நடந்தது என்ன? பிரகாசம் தலைமையில் 166 உறுப்பினர்கள் ஒரு முன்னணியாகச் சேர்ந்து, மந்திரிசபை அமைக்க உரிமை கோரினார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜகோபாலாச்சாரியாரை மேல்சபைக்கு நியமன உறுப்பினராக்கி, 1952 ஏப்ரல் 10-ந் தேதி முதலமைச்சர் நாற்காலியில் அமர்த்தினார். ஓட்டுக் கேட்டு ஒரு வீதியும் நடக்காதவர் ராஜ்யத்தை ஆள வந்தார்! இராமமூர்த்தி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றமாகப் படவில்லை. மக்களின் கண்ணுக்குப் பட்டது.

ஆச்சாரியார் அறிவில் குறைந்தவரா? அல்ல. நிர்வாகத்தில் தேர்ந்தவர்; அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியபோது பாராட்டியவர்கள் அநேகர். ஆனால் அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்தது என்ன? கிராமப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நேரம் படித்தால் போதும். மறு நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்ற புதிய கல்வித் திட்டம். குலக்கல்வி என்று அதற்கு நாடே பெயர் வைத்தது. சட்டசபையைக் கலக்கவில்லை, பெற்றோரைக் கேட்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவராயிருந்தால், “என் மகனும் தறிக்குழியிலேதான் கிடக்க வேண்டுமா?” என்று ஒரு நெசவாளத் தாய் கேட்டிருப்பாளே, அந்தக் குரல் அவர் காதில் முன்னமே விழுந்திருக்கும். கொல்லைப்புறமாக வந்தவருக்கு வாசலில் நிற்பவர் குரல் எப்படிக் கேட்கும்?

நாடு கொதித்தது. 1954-ல் அவர் விலகினார். காமராசர் முதலமைச்சரானார், குலக்கல்வியைக் கைவிட்டார். அவரும் அப்போது சட்டசபை உறுப்பினரல்லர். ஆனால் மேல்சபை என்ற சந்துக்குள் நுழையவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் ஓட்டுக் கேட்டு, முன்வாசல் வழியாக வந்தார். மக்களிடம் கையேந்தி வந்தவர் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். 1967-ல் மக்களின் ஓட்டைப் பெற்ற கட்சியின் தலைவராகத்தான் அறிஞர் அண்ணா கோட்டைக்குள் நுழைந்தார். 15 ஆண்டுக் காலத்தில் இந்த ராஜ்யத்து ஏழைகள் கற்றுக்கொடுத்த பாடம் இது: மன்றத்துக்கு வருகிறவன் எங்கள் ஓட்டை வாங்கி வரட்டும்; வாங்கியவன் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

மன்றமில்லாத ஆண்டுகள்

பழங்கதை எதற்கு என்று கேட்காதீர்கள். கோட்டையில் ஒரு முறை நடந்தது நம் ஊரில் பல முறை நடந்திருக்கிறது. 1986-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1996-ல். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் வந்த பிறகாவது ஒழுங்கு வந்ததா? 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காரணம் காட்டி நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு காலம் ஓடியது. திருப்பூர் மாநகராட்சிக்கு மக்கள் ஓட்டுப் போட்ட நாள் 2022 பிப்ரவரி 19! இடையில் ஐந்தாண்டுக்கு மேல், இத்தனை பெரிய தொழில் நகரத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கிராமங்களின் கதையும் அதுவே. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. திருப்பூர் மாவட்டத்தின் 265 ஊராட்சிகளும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின.

“தனி அலுவலர் படித்தவர், கட்சிச் சார்பு இல்லாதவர், கமிஷன் கேட்காதவர், நன்றாகத்தானே நடத்துவார்?” என்று சிலர் வாதாடுகிறார்கள். நல்ல அலுவலர்கள் உண்டு; மறுக்கவில்லை. கவுன்சிலர்களில் கெட்டவர்களும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் கெட்ட கவுன்சிலரை ஐந்தாண்டில் வீட்டுக்கு அனுப்ப உங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. தனி அலுவலரை அனுப்ப என்ன இருக்கிறது? அவர் மேலே பார்த்துப் பதில் சொல்கிறவர். கீழே பார்த்துப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை.

2025-ல் நடந்ததைப் பாருங்கள். மாநகரத்தின் குப்பையைச் சுற்றுப்புறக் கிராமங்களின் பாறைக்குழிகளில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நாற்றம் தாங்காத மக்கள் வீதிக்கு வந்து லாரியை மறித்தார்கள். அந்த நேரத்தில் அந்தக் கிராமங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் யார்? ஒருவருமில்லை! ஊரில் குப்பை இருந்தது; ஊருக்குக் குரல் இல்லை.

நொய்யலையும் நினைத்துப் பாருங்கள். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீரைத் தேக்கியது. விவசாயிகள் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து, 2011-ல்தான் சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவு வந்தது. அன்று வேலையிழந்து தெருவில் நின்றவன் யார்? தொழிலாளி. ஆற்றைக் கெடுத்தபோதும் அவனைக் கேட்கவில்லை. பட்டறையை மூடியபோதும் அவனைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய மன்றங்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தால்தானே கேட்பார்கள்?

இருபுறமும் இல்லாதவன்

இப்போது பட்டியலுக்கு வருகிறோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. டிசம்பர் 19-ந் தேதி வெளிவந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சம் அளவுக்கு, குடிபெயர்ந்தவர்கள் என்ற கணக்கு. குடிபெயர்ந்தவர்! யார் அவர்? வானம் பார்த்த பூமியை விட்டு நூல் தேடி வந்த நம் தோழர்தான். ஊரிலே, “நீ இங்கே இல்லை” என்று பெயரை எடுக்கிறார்கள். இங்கே, “நீ இந்த ஊர்க்காரனா?” என்று கேட்கிறார்கள். அங்கும் இல்லை, இங்கும் இல்லை. 1952-ல் பெயர் சொல்லாத பெண்களுக்கு நேர்ந்தது, இன்று பெயர் இருந்தும் நம் தொழிலாளிக்கு நேருமானால், எழுபது ஆண்டு நடந்த நடை வீணல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே அவருக்கு ஓட்டு. சொந்த ஊரில் வீடு இருப்பது மட்டுமே அதற்குப் போதாது. இங்கே சொந்த வீடு இல்லாதது அதற்குத் தடையுமல்ல. வாடகை வீட்டுக்காரனும் குடிமகனே. இரண்டு ஊரில் ஓட்டு வைத்துக்கொள்ள மட்டும் முடியாது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டசபைப் பட்டியலே அடிப்படை. ஆகவே ஒரு பட்டியலில் பெயர் ஏறினால் வார்டு முதல் கோட்டை வரைக்கும் குரல் உண்டு.

“வடநாட்டுத் தொழிலாளிக்கு இங்கே ஓட்டு வந்தால் நம் கதி என்னாவது?” என்று ஒரு பயத்தைச் சிலர் கிளப்புகிறார்கள். தேர்தல் நாளுக்காக ஆளைக் கொண்டுவந்து இறக்கும் சூழ்ச்சி நடக்குமானால் அதை எதிர்ப்பதில் முதல் ஆளாக நாம் நிற்போம். ஆனால் ஆண்டுக்கணக்கில் இங்கேயே குடியிருந்து, நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைப்பவர் விஷயம் வேறு. ஓட்டில்லாத தொழிலாளி மலிவான தொழிலாளி. கேட்க நாதியில்லாதவனைக் குறைந்த பீஸ் ரேட்டுக்கு உட்காரவைத்தால், அடுத்த வாரம் குறைவது உங்கள் பீஸ் ரேட்டும்தான். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் மிஷினை நிறுத்திய ஊர் இது. அந்த ஒற்றுமை ஊரைக் கேட்டு வரவில்லை. உழைப்பைக் கேட்டு வந்தது.

2024-25-ல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி ஏற்றுமதி செய்த நகரம் இது என்று பெருமை பேசுகிறோம். பெருமைதான்! அந்தப் பனியனைத் தைத்த கைக்கு, தன் தெருவிளக்கைப் பற்றிக் கேட்கும் உரிமை இல்லையென்றால், அந்தப் பெருமையில் பாதி பொய்.

செய்யவேண்டியது

கழகத் தோழர்களும் சங்கத் தோழர்களும் மேடைப் பேச்சோடு நின்றுவிடக் கூடாது. கம்பெனி வாசலில் சம்பளச் சனிக்கிழமை ஒரு மேஜை போடுங்கள். புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6. முகவரி மாறியவருக்குப் படிவம் 8. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர் வாடகைச் சான்று தரத் தயங்கினால் நாலு பேர் போய் மரியாதையாகப் பேசுங்கள். பெண் தொழிலாளர்களை அவரவர் பெயரிலேயே, அவரவர் குடியிருக்கும் தெருவிலேயே சேருங்கள். எந்தச் சின்னத்துக்கு ஓட்டு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் பெயர் ஏறட்டும். மாற்றுக் கட்சித் தோழரின் பெயர் விட்டுப்போயிருந்தாலும் அதையும் சேர்த்துவிடுங்கள். அவரோடு தேர்தலில் மோதுவோம். பட்டியலில் மோத வேண்டாம்.

சபையின் வாசல் நூறில் 16 பேருக்குத் திறந்திருந்த காலத்தை நம் பாட்டன்மார் பார்த்தார்கள். அது எல்லோருக்கும் திறந்த நாளை நம் தந்தையர் பார்த்தார்கள். திறந்த வாசலுக்கு வெளியே பேரப்பிள்ளைகள் நிற்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? உழைக்கிற ஊரில் ஓட்டு. ஓட்டுள்ள ஊரில் கேள்வி. இன்று மாலை மிஷினை நிறுத்தியதும், முதலில் உங்கள் பெயரைத் தேடுங்கள். பிறகு பக்கத்து மிஷின்காரர் பெயரைத் தேடுங்கள்.