சிபாரிசும் சாட்சியும்

புனேயின் ஹிஞ்சவாடிக்கு மென்பொருள் வேலை தேடி வரும் தமிழ் இளைஞருக்குப் படிவத்தில் படிப்பு, மதிப்பெண், அனுபவம் எதையும் நிரப்புவதில் சிக்கல் இல்லை. கடைசிக் கட்டம்தான் உதைக்கிறது: 'உங்களை அறிந்த இருவரின் பெயர், பதவி, தொலைபேசி எண்.' ராஸ்தா பேட்டில் வசிக்கும் பெரியப்பா, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற குடும்ப நண்பர், அப்பாவுக்குத் தெரிந்த எம்.எல்.ஏ. என்று மனம் அலைகிறது. கடைசியில் யாருடைய பதவி பெரியதோ அவர் பெயர் ஏறுகிறது.

பழக்கதோஷம்தான். மத்திய அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவம் கேட்பது, வட்டாரத்தில் பொறுப்புள்ள இருவரின் பெயரை. ஆள் யார், வழக்கு வம்பு உண்டா என்பதே அங்கே கவலை. தனியார் நிறுவனத்தின் கேள்வி வேறு: இவர் எப்படி வேலை செய்வார்?

ஆள் யார் என்று பார்க்கத் தனியார் துறை வேறு வழி தேடிக்கொண்டது. அதிலும் புனேக்குப் பங்கு உண்டு. 2005 ஏப்ரலில், அமெரிக்க சிட்டி பேங்க் வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து சுமார் மூன்றரை லட்சம் டாலரைச் சுருட்டியதாக, புனேயில் இயங்கிய எம்பசிஸ் கால்சென்டரின் முன்னாள் ஊழியர்கள் உட்படச் சிலர் கைதானார்கள். துறை பதறியது. 2006 ஜனவரியில் நாஸ்காம் அமைப்பு 'நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி' என்ற பதிவேட்டைத் தொடங்கியது. கைரேகை, புகைப்படம், பட்டம், முந்தைய வேலை எல்லாம் பதிவாகும். சரிபார்க்கத் தனி நிறுவனங்கள்.

பதிவேடு சொல்ல முடியாததைச் சொல்லத்தான் மனிதர் தேவைப்படுகிறார். தப்பு நேர்ந்தால் ஒப்புக்கொள்வாரா, கெடு நெருங்கும்போது காணாமல் போவாரா என்பது கூட வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். எம்.எல்.ஏ.வுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு நல்ல உதாரணம் கணித மேதை ராமானுஜன். எஃப்.ஏ. தேறாத அவர் 1910இல் வேலை கேட்டுப் போனது, டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். கழகத்தின் நூலகம் இருந்தது புனே பெர்குசன் கல்லூரியில். கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த பிறகே சென்னையிலுள்ள நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு ராமானுஜன் விண்ணப்பித்தார். அவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ஆனால் விண்ணப்பத்துடன் போனது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதம். கணிதத்தில் அபாரத் திறமை என்பதோடு அவர் நிறுத்தவில்லை; கணக்குப் போடுவதில் வேகமானவர் என்றும் எழுதினார். கணக்குப் பிரிவுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது தகவல்தான். மார்ச் 1ஆம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார். தெரிந்தவர்களின் துணையும் அவருக்கு இருந்தது. ஆனால் அவர்களும் நோட்டுகளைப் பார்த்தவர்கள்.

கல்லூரியை விட்டு வருபவருக்கு முதல்வரைவிட, புராஜெக்டை மேற்பார்வையிட்ட விரிவுரையாளர் மேல். வேலையில் இருப்பவர் இப்போதைய மேலதிகாரியின் பெயரை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பழைய மேலதிகாரி போதும். இருவரும் ஒரே இடத்தவராக இல்லாவிட்டால் நல்லது. எழுதுமுன் அனுமதி கேட்பது முக்கியம். என்ன வேலை என்று சொல்லி, பயோடேட்டா நகலும் கொடுத்துவிட வேண்டும். முன்னறிவிப்பின்றித் தொலைபேசி வந்தால், 'யாரு? எந்த பேட்ச்?' என்ற ஒரு கேள்வியே விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும். கேட்டதும் தயங்குபவரை வற்புறுத்தாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அந்தத் தயக்கம் நாளை நிறுவனத்தின் காதிலும் விழும்.

பெரியப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். நேர்முகத் தேர்வன்று காலை பையன் கிளம்பப்போவது அவர் வீட்டிலிருந்துதான். ஹிஞ்சவாடிக்கு எந்த பஸ் என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.