மூன்று விலைச்சீட்டும் என் ஒரு தவறும்

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாகப் பார்ப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், சிங்கப்பூர்ல ஒரு கம்பெனி பதியலாம்னு இருக்கேன். பதிஞ்சு குடுக்க நிறைய ஏஜென்சி இருக்கு. யார்கிட்ட குடுக்கலாம்?" மூவருமே பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் வணிகவியல் படித்தவர்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதோடு, இந்தக் கேள்விக்கு இரண்டு வருடம் முன்பு நான் ஒரு தவறான பதில் சொல்லி, அதனால் எங்கள் வீட்டிலேயே ஒரு குடும்பம் கஷ்டப்பட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

2023 பிப்ரவரியில் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். அவனும் அவன் கூட்டாளியும் கோவையில் ஜவுளி ஆலைகளுக்கு ஸ்டாக் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். இந்தோனேசியாவில் ஒரு ஆலை, சிங்கப்பூர் கம்பெனி பெயரில் பில் கொடுத்தால் பணம் கட்ட வசதி என்று சொல்லியிருக்கிறது. கையில் மூன்று விலைச்சீட்டு வைத்திருந்தான். ஒன்று ஆண்டுக்கு 2,100 சிங்கப்பூர் வெள்ளி. இன்னொன்று 1,850. மூன்றாவது 699, "எல்லாம் அடக்கம்".

"ஏனுங்க பெரியப்பா, ஒரே சர்ட்டிபிகேட்டுக்கு மூணு வெலையா?" என்றான்.

நான் சொன்ன பதில்: "பதிவு பதிவுதானே. அரசாங்கம் தர்ற காகிதம் எவன் வாங்கிக் குடுத்தா என்ன. குறைஞ்சதைப் புடி."

37 வருடம் கம்பெனிச் சட்டம் நடத்தியவன் சொன்ன பதில் அது.

ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போட்டிருந்தாலே புரிந்திருக்கும். சிங்கப்பூரில் கம்பெனி பதிவு செய்வது அக்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆணையம். பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி, ஆக 315 அரசாங்கத்துக்குப் போகிறது. 699-இல் அதைக் கழித்தால் 384. மாதத்துக்கு 32 வெள்ளி. அந்த 32 வெள்ளிக்குள் மூன்று வேலை நடக்க வேண்டும். ஒன்று, பதிவு அலுவலக முகவரி. இரண்டு, கம்பெனி செக்ரட்டரி. பதிந்த ஆறு மாதத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும். மூன்றுதான் பெரியது: இயக்குநர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் வசிப்பவராக இருந்தே ஆக வேண்டும். கோவையில் இருப்பவனுக்கு அது முடியாது. ஆகவே ஏஜென்சியே ஒரு ஆளைப் பெயருக்கு இயக்குநராகப் போடும். நாமினி டைரக்டர் என்பார்கள்.

பெயருக்குத்தான் என்றாலும், சட்டத்தின் முன்னால் அவர் முழு இயக்குநர். கம்பெனி கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்றால் அவர் மேலும் நடவடிக்கை வரும். முகம் தெரியாத இரண்டு பையன்களுக்காக மாதம் 32 வெள்ளியில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு யார் தன் பெயரைக் கொடுப்பார்? கொடுக்க மாட்டார்கள். பதினோரு பக்க ஒப்பந்தத்தில் ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தது: நாமினி டைரக்டர் முதல் ஆறு மாதம் மட்டும் இலவசம்.

அக்டோபரில் பில் வந்தது. நாமினிக்கு மாதம் 180 வீதம் ஒரு வருடத்துக்கு 2,160. அவருடைய பொறுப்புக்கு முன்பணம் 2,000. ஆக 4,160 வெள்ளி, ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய். பதினான்கு நாளில் கட்டாவிட்டால் அவர் ராஜினாமா செய்வார், முகவரியும் ரத்து. 2,100 வெள்ளி கேட்ட ஏஜென்சியை விலை அதிகம் என்று நாங்கள் ஒதுக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி சிங்கப்பூர் கம்பெனிச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிவு 145 தெளிவாகச் சொல்கிறது: சிங்கப்பூரில் வசிக்கும் வேறொரு இயக்குநர் மிச்சம் இல்லாவிட்டால் ஒருவர் ராஜினாமா செய்ய முடியாது, செய்தாலும் செல்லாது. ராஜினாமா மிரட்டல் வெறும் காகிதப் புலி. இதை மரியாதையாக எழுதி அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது, மிரட்டலை விட்டுவிட்டுத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு தவணை தள்ளிப் போனது. அதற்குப் பிறகு அவர்கள் கோபப்படவில்லை, எழுதவில்லை, எதுவுமே செய்யவில்லை. கம்பெனியின் முகவரி அவர்களுடைய முகவரி. கடிதம் எல்லாம் அங்கேதான் போகிறது. வங்கி, உங்கள் வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பியுங்கள் என்று எழுதியிருக்கிறது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. பதில் இல்லை. ஜூன் 2024-இல் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாதபடி நிறுத்திவிட்டார்கள். இந்தோனேசிய ஆலை அனுப்பிய 14,000 அமெரிக்க டாலர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பையன்கள் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடிதங்கள் வேறொருவர் மேஜையில் குவிந்துகொண்டிருந்தன.

வங்கியை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் சிங்கப்பூரில் பத்து வெளிநாட்டவரைக் கைது செய்து, 300 கோடி வெள்ளிக்கு மேல் சொத்துகளை முடக்கிய பணச்சலவை வழக்கு வந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டார் கம்பெனி என்றால் வங்கிகள் இரண்டு முறை பார்க்கின்றன. பதில் சொல்லாத கம்பெனியை அவர்கள் வேறு எப்படித்தான் பார்ப்பார்கள்?

நான்கு பணியாளர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம். தம்பி மருமகள் தன் பன்னிரண்டு பவுனைக் கழற்றிக் கொடுத்தாள், அடகுக்குப் போனது. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசவுமில்லை. எதிர்த்த தெருவில் வீடு. இரண்டு மாதம் என் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போனான்.

ஆகஸ்டில் வேறு நிறுவனத்துக்கு மாற முடிவு செய்தோம். பழைய இடத்திலிருந்து பதிவேடுகளை வாங்க ஐந்து வாரம் ஆனது, பாக்கி முழுவதும் கட்டிய பிறகு. இதற்குள் ஆண்டறிக்கைத் தேதி போய்விட்டது. கணக்கு ஆண்டு டிசம்பர் 31-இல் முடிந்தால் ஏழு மாதத்துக்குள், அதாவது ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். செப்டம்பரில் செய்ததால் 300 வெள்ளி அபராதம். மூன்று மாதம் தாண்டியிருந்தால் 600. வங்கி அந்த மாதக் கடைசியில் பணத்தை விடுவித்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஏஜென்சி எங்களை ஏமாற்றியது என்று என்னால் எழுத முடியாது. எல்லாம் ஏழாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் படிக்கவில்லை, படிக்கச் சொல்ல வேண்டியவன் விலையைப் பார்த்தான்.

இனி என் கருத்து. வெளிநாட்டில் நம் சார்பாக ஒரு நிறுவனம் வேலை செய்கிறது என்றால், நாம் அதனிடம் ஒப்படைப்பது பதிவை அல்ல, நம் வீட்டுச் சாவியை. முகவரி அவர்களுடையது, செக்ரட்டரி அவர்களுடைய ஆள், இயக்குநர் அவர்களுடைய ஆள். ஆகவே முதல் வருட விலையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "இரண்டாம் வருடம் மொத்தம் எவ்வளவு, முன்பணம் உட்பட எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தராதவரை அங்கேயே விட்டுவிடலாம். அடுத்து, கடிதம் வந்தால் எத்தனை நாளில் ஸ்கேன் செய்து அனுப்புவீர்கள், கட்டணம் பாக்கி இருந்தாலும் அனுப்புவீர்களா என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு 14,000 டாலர் நின்றது இந்தக் கேள்வியில்தான். விலகும்போது பதிவேடுகளை எத்தனை நாளில் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்பது இருக்கட்டும், அவர்கள் உங்களைக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பணம் எங்கிருந்து வருகிறது, யார் உண்மையான முதலாளி, என்ன வியாபாரம் என்று துருவித் துருவிக் கேட்கும் நிறுவனத்தைப் பார்த்துப் பலர் எரிச்சல் படுகிறார்கள். அவர்கள் கேட்டே ஆக வேண்டும், சட்டம் அப்படி. 2025 ஜூன் 9 முதல் அங்கே இதற்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தச் சேவை செய்பவர்கள் அக்ராவில் பதிந்திருக்க வேண்டும், நாமினியாகப் போடும் ஆள் தகுதியானவரா என்று சோதித்துப் போட வேண்டும். பணச்சலவைத் தடுப்புக் கடமையில் தவறினால் அபராதம் 1,00,000 வெள்ளி வரை போகும். ஒரு கேள்வியும் கேட்காமல் "இருபத்து நாலு மணி நேரத்துல முடிச்சுடலாம் சார்" என்பவரிடம்தான் பயப்பட வேண்டும். "பேங்க் அக்கவுண்ட் கேரண்டி" என்று சொல்பவரிடமும் அப்படியே. கணக்கு திறப்பது வங்கியின் முடிவு, அதற்கு வேறு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து மச்சானோ சித்தப்பா மகனோ, "நாமினிக்கு ஏன் காசு, நீயே ஒரு கையெழுத்துப் போடேன்" என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள் என்று தெரியும். உறவு என்பதால் போட்டுவிடாதீர்கள். கணக்குத் தாக்கலாகாவிட்டால் நோட்டீஸ் உங்களுக்கு வரும். ஐந்து வருடத்துக்குள் நீங்கள் இயக்குநராக இருந்த மூன்று கம்பெனிகளை அக்ரா பதிவிலிருந்து நீக்கினால், உங்களையே இயக்குநராக இருக்கத் தகுதியிழக்கச் செய்யும். வேலை அனுமதியில் இருப்பவர்கள் மனிதவள அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் இன்னொரு கம்பெனிக்கு இயக்குநராகவும் முடியாது. முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். "வாத்தியார் வேண்டாம்னுட்டார்" என்றால் முடிந்தது.

இன்னொன்று, சிங்கப்பூர் ஏஜென்சிகள் பொதுவாக நம் ஊர்ப் பக்கத்தைப் பேசுவதில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. இங்கே வசிக்கும் ஒருவர் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்கினால், ரிசர்வ் வங்கி விதிப்படி நம் வங்கி மூலம் படிவம் கொடுத்து அடையாள எண் வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். தனிநபருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரம்பு. பிறகு வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை. தம்பி மகனுக்கு முதல் பாதி தெரிந்திருந்தது, பின்பாதி தெரியவில்லை. 7,500 ரூபாய் தாமதக் கட்டணம். வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை வேறு இருக்கிறது. அதில் காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு. சிறு தொகைகளுக்கு இப்போது விலக்கு தந்திருக்கிறார்கள், அதை நம்பிக் காட்டாமல் விடாதீர்கள். ஆகவே அங்கே ஏஜென்சி தேடும் முன் இங்கே இந்த விதிகள் தெரிந்த ஒரு ஆடிட்டரைத் தேடுங்கள். எல்லா ஆடிட்டருக்கும் இது பழக்கமில்லை, "வெளிநாட்டு முதலீட்டு அறிக்கை எத்தனை தாக்கல் பண்ணியிருக்கீங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, சிலருக்குப் பிடிக்காது. போன் செய்த மூவரில் இருவருக்கு வெளிநாட்டுக் கம்பெனியே தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒருவன் இங்கிருந்தே டிசைன் வேலை செய்து அனுப்புகிறான். இங்கே பதிந்த நிறுவனத்திலிருந்தே டாலரில் பில் போடலாம். சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம், உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆன்லைனில் கொடுத்தால் வரி கட்டாமலே அனுப்பலாம். விசிட்டிங் கார்டில் சிங்கப்பூர் முகவரி போட்டுக்கொள்ள வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் செலவு செய்ய வேண்டுமா? தம்பி மகன் விஷயம் வேறு, அவனுக்கு வாடிக்கையாளரே கேட்டார். மூன்றாவது ஆளுக்கும் காரணம் இருக்கிறது, அவனுக்கு நான் பழைய ஒப்பந்தத்தையே அனுப்பிப் படிக்கச் சொன்னேன்.

இப்போது பையன்கள் புதிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 2,400 வெள்ளி தருகிறார்கள். கடிதம் வந்த அன்றே ஸ்கேன் வருகிறது, அதில் பாதி விளம்பரம், அதையும் அனுப்பிவிடுகிறார்கள். நகை பொங்கலுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. தம்பியும் பொங்கலன்று வந்து காபி குடித்துவிட்டுப் போனான், கம்பெனி பற்றி இருவரும் பேசவில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை அனுப்ப விரும்புபவர்கள் அனுப்பலாம். நான் வக்கீல் அல்ல, ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், கண் தெரியவில்லை. பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். சனி, ஞாயிறு மதியம் சும்மாதான் இருக்கிறேன்.