எழும்பாத மாளிகைக்கு முன்பணமா?

அந்நிய நாட்டில், கட்டி முடியாத ஆடம்பர மாடிவீட்டை விலைபேசுவோர் பெறுவது வீடன்று, வெறும் வாக்குறுதியே. இதனை நாம் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிங்கப்பூருக்கு எதிரே, கடலைத் தூர்த்து, நான்கு தீவுகளில் 7 இலட்சம் பேருக்கென வகுக்கப்பட்டது ‘பொறெஸ்ட் சிற்றி’ நகரம். முன்பணம் கட்டியோரிற் பெரும்பாலார் சீனர். நடந்தது என்ன? 2017இல் சீன அரசு வெளிநாட்டு வீடுகளுக்குப் பணம் செல்வதை இறுக்கிற்று. மீதித் தவணை கட்ட வழியின்றிப் பலர் தவித்தனர். 2018இல் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர், அங்கு அந்நியருக்கு வீடு விற்கலாகாது என்றார். பின்னர் அவரது அலுவலகம் விளக்கம் அளித்தும் ஐயம் அகலவில்லை. 2023இல், கட்டிய நிறுவனமான கன்ட்றி கார்டன் தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தத் தவறியது.

இவற்றுள் எதுவும் வாங்கியவனின் குற்றமன்று; இழப்போ அவனுடையதே! இரு அரசுகளும் கட்டுவோனும் ஆகிய மூவரில் எவர் தடம் மாறினும் அடி அவன் தலையிலேயே விழும். அந்த மண்ணில் அவனுக்கு வாக்குரிமை இல்லை; வழக்காடவும் கடல் கடக்கவேண்டும்.

முன்பணத்தைத் தனிக்கணக்கிற் காத்து, கட்டடம் உயர்ந்த அளவுக்கே விடுவிக்கும் சட்டத்தைத் துபாய் 2007இல் இயற்றியது. அத்தகைய காப்பு இல்லாத நாட்டில், கட்டடம் எழும்வரை பணத்தைக் கையில் வைத்திருப்பதே அறிவுடைமை.