வீணைக்கும் வியர்க்கும்!

நண்பர்களே, லேபில் உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று இரண்டு தெர்மாமீட்டர்களைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? ரீடிங் எடுத்தோம், சைக்ரோமெட்ரிக் சார்ட்டில் கோடு போட்டோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். அதோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன், போன தை மாதம் வரைக்கும்.

எங்க சித்தப்பா தஞ்சாவூரில் வீணைப் பட்டறை வைத்திருக்கிறார். ஐப்பசி அடைமழையில் அவர் முடித்த வீணை ஒன்று டெல்லிக்குப் போனது. தை பிறந்ததும் போன் வந்தது. குடத்தின் மேல்பலகையில் விரல் நீளத்துக்கு வெடிப்பாம். "பச்சை மரத்தைப் போட்டு ஏமாத்திட்டீங்க!" பண்ருட்டியிலிருந்து வந்து நாலு வருஷம் நிழலில் கிடந்த பலாக்கட்டை அது! சித்தப்பா எதிர்த்துப் பேசவில்லை. வரவேண்டிய பாக்கியை விட்டுக்கொடுத்துவிட்டு, ரெண்டு நாள் உளியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போ யார் குற்றவாளி? காற்றுதான். மரம் வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரத்தில் சுமார் 16 சதவீத ஈரம் நிற்கும். 30-க்கு இறங்கினால் சுமார் 6 தான். டெல்லிக் குளிரில் ஹீட்டர் ஓடும் அறையில் 30 என்பது அதிசயமில்லை. நீளவாக்கில் மரம் அசையாது, குறுக்குவாக்கில்தான் வம்பு. ஒரு சதவீத ஈரத்துக்கு 0.15 சதவீதச் சுருக்கம் என்று குறைச்சலாகவே வைத்தாலும், 300 மில்லிமீட்டர் பலகை நாலரை மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். கனமான குடம் மெதுவாகத்தான் சுருங்கும். மெல்லிய மேல்பலகையோ முந்திக்கொள்ளும். விளிம்பு முழுக்க ஒட்டியிருக்கும்போது அது வெடிக்காமல் என்ன செய்யும்?

இதைச் சொன்னதும் சித்தப்பா கேட்டார்: "உங்க தாத்தா மீட்டரா வெச்சிருந்தாரு?" நியாயமான கேள்விதான். ஆனால் தாத்தா செய்த வீணை கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் போனது. அங்கேயும் ஏறக்குறைய இதே காற்று! இன்றைக்கு டெல்லிக்கும் அமெரிக்காவுக்கும் அல்லவா போகிறது? கிடார் செய்யும் பட்டறைகளில் 45 முதல் 50 சதவீதம் வரை கட்டிக்காக்கிறார்கள். நம்ம பட்டறையில் மழைக்காலத்தில் 85.

ஏ.சி. வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். கரண்ட் பில் யார் கட்டுவது? பட்டறை முழுவதையும் உலர்த்தவும் வேண்டாம். மேல்பலகை ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் வேலை கிடக்க ஒரு மூடிய அலமாரி போதும். உள்ளே ரெண்டு குண்டு பல்பு. 28 டிகிரி, 85 சதவீதக் காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 57-க்கு இறங்கிவிடும். நம்ம சார்ட்டிலேயே பாருங்கள்! ஒரே எச்சரிக்கை: மெழுகு வைத்து மெட்டு பதித்த பிறகு வீணையை உள்ளே வைக்காதீர்கள். மெழுகு இளகினால் 24 மெட்டும் இடம் மாறும்.

மலிவான ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு மூடியில் உப்பைக் கூழாக நனைத்து, மீட்டரோடு சேர்த்து டப்பாவில் இறுக மூடி ஒரு ராத்திரி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது!

என் ஆத்திரம் வேறு. ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று ரெடிமேடாக வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவாவுக்குக் கொண்டுபோய் வைக்கிறோமே, அந்தப் பணத்தில் பாதி இருந்தால் ஒரு பட்டறைக்கு தெர்மோஸ்டாட் வைத்த அலமாரியே செய்து கொடுக்கலாம். தறி, தச்சுப்பட்டறை, மிருதங்கக் கடை என்று காற்றோடு மல்லுக்கட்டும் தொழில்கள் நம்ம ஊர்களிலேயே எத்தனை இருக்கின்றன! வரும் ஆண்டு புராஜெக்ட் பட்டியலில் இவற்றையும் சேர்க்கச் சொல்லி சங்கம் துறைத் தலைவர்களிடம் கேட்க வேண்டும். நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

சித்தப்பாவின் அலமாரியில் இப்போது ஒரு புதுக் குடம் கிடக்கிறது. நேற்று போன் செய்தபோது, நான் கேட்கும் முன்பே சொன்னார்: "காலையில 54டா."

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்